இடப்பக்கம் சாய்ந்த கோடுகள்

பிலாஸ்பூர்
16.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜோதி எழுதுவது. இங்கே நானும் அவரும் சுகம். அங்கே நீயும் மாமாவும் சுகமா என்று கேட்க வாய் கூசுகிறது. யாழினி போய் இன்னும் அரை வருஷம் ஆகவில்லை, அந்த வீட்டில் என்ன சுகம் இருக்கப்போகிறது. ஆனாலும் கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ போனையே தொடுவதில்லை என்று மாமா சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்ட மணிச்சத்தம் உன் காதை விட்டுப் போகவில்லையாம். சரி, போன் வேண்டாம். தபால்காரருக்கும் வேலை வேண்டாமா.

இத்துடன் கெட்டியான சதுர அட்டைகள் கொஞ்சம் வைத்திருக்கிறேன். ஒன்றில் பாதி வரைந்திருக்கிறேன், பார். யூடியூபில் பார்த்துப் பழகினேன். அட்டையின் நான்கு மூலையிலும் புள்ளி வைத்துச் சேர்த்துவிட வேண்டும். உள்ளே பென்சிலால் ஒரு கோடு, தரையில் நூல் விழுந்து கிடப்பது மாதிரி வளைந்து வளைந்து போகட்டும். அதை நான் நூல் என்றே சொல்கிறேன். நூல் அட்டையைத் துண்டு துண்டாகப் பிரிக்கும். ஒவ்வொரு துண்டையும் கறுப்புப் பேனாவால் ஒரே வகைக் கோட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு நிரப்ப வேண்டும். ஸ்கேல் கிடையாது, ரப்பர் கிடையாது. ஒரு கோடு தப்பாக விழுந்தால் அடுத்த கோடு அதன் பின்னால் போகும். அவ்வளவுதான். எதை வரைகிறோம் என்று யோசிக்கக் கூடாது. மனசு கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

பாதி நான் போட்டிருக்கிறேன், மீதியை நீ போட்டு அனுப்பு. கூடவே நீ பாதி போட்ட இன்னொரு அட்டையும் வர வேண்டும். முடியாது என்று மட்டும் எழுதாதே. உன் 'முடியாது'க்குச் சின்ன வயசிலிருந்து நான் காது கொடுத்ததில்லை.

உன் தங்கை,
ஜோதி


ஸ்ரீரங்கம்
9.7.2024

அன்புள்ள ஜோதிக்கு,

அக்கா எழுதுகிறேன். மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை. உன் பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறாயா? நீ மறப்பாய் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

உன் அட்டையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. தப்பினாலும் தப்பில்லை என்று ஒரு கலையா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த மாதிரி உனக்கென்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு வாரம் டிவி மேலேயே கிடந்தது. அப்புறம் ஒரு மத்தியானம், சும்மா, ஒரு துண்டில் மீன் செதில் போட்டேன். பிறகு பாய்ப் பின்னல். பிறகு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் வருமே, அது. நிமிர்ந்து பார்த்தால் குழாயில் தண்ணீர் வந்து நின்றும் போய்விட்டது. அவ்வளவு நேரம் நான் அவள் அறைக் கதவைப் பார்க்கவில்லை ஜோதி. பார்க்கவில்லை என்று தெரிந்ததும் பயமாகிவிட்டது. எதையோ தெருவில் விட்டுவிட்டு வந்த மாதிரி.

மாமா இப்போதே தை மாதப் பேச்சை எடுத்துவிட்டார். கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை, வருஷம் திரும்பும்போது ஆற்றங்கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குடத்துத் தண்ணீரோடு வீட்டுக்குக் கூட்டிவந்து, புதுத்துணி படைத்துக் கன்னியாக வைத்துக்கொள்வது அவர்கள் வீட்டு வழக்கம். பெற்றவள்தான் கூப்பிட வேண்டுமாம். "சாமியா ஆயிட்டான்னா நம்மகூடவே இருப்பா விஜயா" என்கிறார். எனக்குச் சாமி வேண்டாம். ஈரத் தலையோடு படுக்காதேடி என்று சாமியைத் திட்ட முடியுமா?

மலைக்கோட்டைப் பக்கம் போனபோது மாமா மெல்லிய முனைப் பேனா வாங்கி வந்தார். பாதி போட்ட அட்டைகள் இரண்டு வைத்திருக்கிறேன். சீக்கிரம் நிரப்பி அனுப்பு.

அக்கா,
விஜயராணி


ஸ்ரீரங்கம்
28.8.2024

அன்புள்ள ஜோதி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பார்த்தேன். இந்த முறை அந்த ஆவல் நிஜம். ஆடி போய் ஆவணி வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மாமா போன் பண்ணினால் பாலு தம்பிதான் எடுக்கிறாராம். "நல்லாருக்கா சகலை, மார்க்கெட் போயிருக்கா" என்றாராம். அதற்கடுத்த தடவை கோயில். நீ எப்போதிலிருந்து இவ்வளவு கோயிலுக்குப் போக ஆரம்பித்தாய்?

எனக்குப் பழக்கத்தைக் கிளப்பிவிட்டு நீ ஒதுங்கிக்கொண்டாயா? தினமும் மத்தியானம் ஒரு அட்டை போடுகிறேன். பழைய வகைகளே போட்டால் கை தானாகப் போகிறது, கூடவே மனசும் அதன் பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. அதனால் புதிது புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. முறுக்குப் பிழிகிற மாதிரி ஒன்று, பஸ் டயர் தடம் மாதிரி ஒன்று, மழைக்குக் குடைகள் கூட்டமாகப் போகிற மாதிரி ஒன்று. புதிய வகை போடும்போதுதான் அவள் என்னை விடுகிறாள். அவள் விட வேண்டும் என்று நான் நினைக்கிறேனா என்று கேட்காதே.

கோபமா? நான் என்ன எழுதினேன்? கூடம் கோணல் என்றதற்கா?

உடனே பதில் போடு.

அக்கா


பிலாஸ்பூர்
2.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் மாமாவும் சுகம்தானே.

கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்தார்கள். சாமான் எல்லாம் ஒரே அறையில். உன் அட்டைகள் எங்கோ அடியில் போய்விட்டன. இப்போதுதான் கிடைத்தன.

என் கையெழுத்து எனக்கே சகிக்கவில்லை. அதனால் இனிமேல் போனில் தட்டி, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து அனுப்புகிறேன். அவர்தான் கடைக்குப் போகிறார். சின்னச் சின்னதாக இருந்தால் தப்பாக நினைக்காதே.

இரண்டையும் நிரப்பி வைத்திருக்கிறேன். கோடு கொஞ்சம் ஆடியிருக்கும். புது வகை பழகுகிறேன்.

மாத்திரை தவறாமல் போடுகிறேன்.

ஜோதி


ஸ்ரீரங்கம்
21.10.2024

என் கண்ணான ஜோதிக்கு,

உன் அட்டைகள் வந்த அன்றிலிருந்து எழுத வேண்டும் என்று இருக்கிறேன். இன்றுதான் உட்கார்ந்தேன். நீ சுகம்தானே, பாலு தம்பி சுகம்தானே. கேட்டுவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேள். பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

நான் போட்ட பாதியில் கோடுகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. நீ ஆனி மாதம் அனுப்பினதிலும் அப்படித்தான். இப்போது வந்த இரண்டிலும் உன் பாதியில் கோடுகள் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. வட்டங்கள் எல்லாம் மேலே மூடாமல் வாய் திறந்து நிற்கின்றன. அப்புறம் மை. ஈரம் காய்வதற்கு முன்னால் உள்ளங்கை ஓரம் பட்டு வலப்பக்கமாக இழுபட்டிருக்கிறது.

அந்த இழுப்பை எனக்குத் தெரியும் ஜோதி. யாழினி இடது கைக்காரி. எழுதிக்கொண்டே போகும்போது கை எழுத்தின் மேலேயே நகரும். ஸ்கூல் விட்டு வரும்போது சுண்டுவிரல் ஓரமெல்லாம் நீலமாக இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அலுத்தவள் நான். அவளுடைய கெமிஸ்ட்ரி நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே இழுப்பு. வட்டத்தை மூடாத பழக்கம் கூட அதே. "பூஜ்யத்தை மூடித் தொலையேண்டி, மார்க்கு போகுது" என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்.

மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி அவசரத்துல போட்டிருக்கும்மா" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

நீ வலது கைக்காரி. உன் கையில் இது எப்படி வந்தது? வரையும்போது உனக்கு ஏதாவது தோன்றியதா? யாராவது பக்கத்தில் இருப்பது போல? மறைக்காமல் எழுது. சித்தி என்றால் அவளுக்கு உயிர். என்னிடம் வரப் பயந்துகொண்டு உன்னிடம் வந்திருப்பாள்.

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். இன்று இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டேன். மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா


பிலாஸ்பூர்
4.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ சாப்பிடுகிறாய் என்று படித்து அவரும் நானும் சந்தோஷப்பட்டோம். அதைப் படிக்கச் சொல்லி இன்னொரு தடவை கேட்டேன்.

பேனா புதுசு. மை சீக்கிரம் காய்வதில்லை. அதனால் இழுபட்டிருக்கும். வேறு ஒன்றும் தோன்றவில்லை அக்கா. நீ அந்த நோட்டை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்காராதே.

இந்த அட்டையைப் பார். இதில் ஒரு இடத்திலும் மை இழுபடவில்லை. சுத்தமாகப் போட்டிருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். தையில் படையல் வைப்பது நல்லது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஜோதி


ஸ்ரீரங்கம்
20.11.2024

ஜோதிக்கு,

மாமா நலம். அட்டை கிடைத்தது. இழுப்பு இல்லை. நீ சொன்ன மாதிரி சுத்தமாக இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கோடு இன்னும் இடப்பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஆனால் கை பட்ட தடம் இல்லை. வந்தவள் வாசலோடு திரும்பிப் போன மாதிரி இருக்கிறது.

நான் என்ன தப்பு செய்தேன்? பூஜ்யத்தை மூடாததற்குத் திட்டினேன் என்று எழுதினேனே, அதை அவள் படித்திருப்பாளா? நீ உரக்கப் படித்தாயா? இல்லை, நீதான் அவளை வராதே என்று சொன்னாயா? படையல் வை என்று நீயும் எழுதுகிறாய். எல்லோரும் சேர்ந்து அவளை அனுப்பிவைக்கத்தான் பார்க்கிறீர்கள்.

நாலு நாளாக அடுப்படிக்குள் போகப் பிடிக்கவில்லை. மாமா ஹோட்டலில் வாங்கி வந்து வைக்கிறார். பொட்டலத்தை நான் பிரிப்பதில்லை. மத்தியானம் அவள் அறையில் உட்கார்ந்து காலி அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நூல்கூட விட வரவில்லை.

அவளைக் கூப்பிடு ஜோதி. உன் கைக்குத்தான் வருகிறாள். என் கைக்கு வரவில்லையே.

விஜயா


பிலாஸ்பூர்
29.11.2024

அக்கா,

சாப்பிடு. தயவு செய்து சாப்பிடு.

இந்த அட்டையைப் பார். பார்த்துவிட்டுச் சாப்பிடு.

ஜோதி


ஸ்ரீரங்கம்
16.12.2024

என் செல்லத் தங்கை ஜோதிக்கு,

நீயும் தம்பியும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். பொய் இல்லை, மாமாவுக்கு இன்று வெங்காய சாம்பார் வைத்தேன்.

வந்துவிட்டாள். எவ்வளவு பெரிய இழுப்பு. அட்டையின் பாதி வரைக்கும் கை போயிருக்கிறது. கோபம் தீர்ந்து ஓடிவந்திருக்கிறாள். பார்த்ததும் அட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். மை வாசனைதான் வந்தது. பரவாயில்லை.

இப்போது நான் ஒரு காரியம் செய்கிறேன். சாப்பாடு முடிந்ததும் அவள் மேஜையில் அட்டையை வைத்து, நூலை மட்டும் விட்டு, பேனாவை இடப்பக்கமாக வைக்கிறேன். டம்ளரில் பாலும் இடப்பக்கம். கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பேன். நேற்று நாற்காலி நகர்ந்தது மாதிரிக் கேட்டது. உடனே போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாள். சின்ன வயசில் அவள் படிக்கும்போது எட்டிப் பார்த்தால் புத்தகத்தை மூடிவிடுவாளே, அந்தக் குணம்தான். அட்டை காலியாகத்தான் இருந்தது. முதலில் கைப்பழக்கம் வர வேண்டும் அல்லவா.

படையல் கிடையாது என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பெரியப்பா வீட்டுக்கெல்லாம் சொல்லியிருந்தாராம். தலையில் கை வைத்துக்கொண்டார். "வருஷம் திரும்புறப்ப கூப்பிடலைன்னா அது அங்கயே நிக்கும்மா, தண்ணியிலயே நிக்கும்" என்றார். இங்கே வந்து உட்கார்ந்திருப்பவளைப் போய் எந்தத் தண்ணீரிலிருந்து கூப்பிடுவது? நான் அம்மா மண்டபத்து ஆற்றுப் படியில் இறங்கப் போவதில்லை. நான் கூப்பிடாமல் அங்கே ஒன்றும் நடக்காது.

பொங்கலுக்கு நீ வா. நீயும் அவள் மேஜையில் உட்கார்ந்து போடு. நான் வெளியே இருக்கிறேன். அவள் வரட்டும்.

உன் அக்கா,
விஜயராணி


ஸ்ரீரங்கம்
3.1.2025

அன்புள்ள ஜோதிக்கு,

மாமா செந்தமிழன் எழுதுவது. நீயும் சகலையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. போனில் கேட்கலாம் என்றால் நீ வருவதில்லை. அதனால் விஜயாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அவளுக்கும் உனக்கும் நடுவே என்ன போகிறது என்று நான் கேட்டதில்லை. அக்கா தங்கை விஷயம். அவள் மறுபடி சமைத்தாள், தலை வாரினாள் என்றதும் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் இப்போது அவள் அந்தக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டால் என்னிடம் பேசுவதில்லை. நான் இருமினால் "சத்தம் போடாதீங்க, உள்ள எழுதிக்கிட்டிருக்கா" என்கிறாள். எனக்கு அந்த அறைப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. சொந்தப் பெண்ணைக் கண்டு பயப்படுகிற அப்பன் உண்டா அம்மா?

அவள் எனக்கும் மகள். எனக்கு ஒரு தடவை அவளை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். ஒரு புடவை எடுத்து வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு எடுக்க வேண்டியதை அப்படியாவது எடுத்துக் கொடுக்க வேண்டும். தை இருபதுக்குள் நாள் வருகிறது. விஜயா கூப்பிடாமல் அது முடியாது.

அந்த இடப்பக்கக் கோடு எப்படி வருகிறது என்று உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எதுவாக இருந்தாலும் அவளிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் நம்பமாட்டாள்.

இப்படிக்கு,
செந்தமிழன்


பிலாஸ்பூர்
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று இந்தத் தடவை எழுதவில்லை.

எழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். பிரிண்ட் இல்லை. நானே எழுதுகிறேன், இடது கையால். ஒரு பக்கம் எழுத ஒரு காலை நேரம் முழுக்கப் போகிறது. மை எங்கேயெல்லாம் இழுபட்டிருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள்.

ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்கு முன்னால், சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். கட்டை கையிலிருந்து விழுந்தது. எடுக்கப் போனேன், கை போகவில்லை. வலப்பக்கம் முழுக்க. வாயும் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினைந்து நாளுக்கு மேல் கிடந்தேன். இப்போது கால் பரவாயில்லை, பிடித்துக்கொண்டு நடக்கிறேன். வலது கை மடியில் கிடக்கிறது. பேச்சு வருகிறது, ஆனால் வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. அந்தக் குரலை மாமா கேட்டால் உன்னிடம் சொல்லிவிடுவார். அதனால்தான் போனுக்கு வரவில்லை. மாத்திரை போட்டேனா என்று கேட்டாயே. போடவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். நீ அப்போதுதான் அறைக் கதவைப் பார்க்காமல் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தாய். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. தலை வாரிவிடுவதிலிருந்து எல்லாம் அவர்தான் செய்கிறார். வகிடு கோணலாகத்தான் இருக்கும்.

இடது கைக்குப் பழக்கம் வர எதையாவது கிறுக்கச் சொன்னார் டாக்டர். உன் அட்டைகள் இருந்தன. கோடு இடப்பக்கம் சாய்ந்தது என் கையின் சாய்வு. வட்டம் மூடாதது எனக்கு மூட வராததால். முதலில் வந்த இழுப்பு தானாக வந்தது. நீ யாழினி என்று எழுதியதும் பயந்துவிட்டேன். அதனால் அடுத்த அட்டைக்குக் கைக்கு அடியில் துணி வைத்துக்கொண்டு சுத்தமாகப் போட்டேன். நீ சாப்பாட்டை விட்டுவிட்டாய்.

அதற்கடுத்தது நான் வேண்டுமென்றே செய்தது. ஈரத்தின் மேல் கையை வைத்து இழுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அல்ல அக்கா, இல்லாத பூசணிக்காயை உனக்குக் கறியாக்கிப் போட்டேன். அந்த ஒரு அட்டைதான் பொய். அதைத்தான் நீ முகத்தில் வைத்து அழுதாய்.

இனிமேல் உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதால் ஒன்று சொல்கிறேன். அந்த இழுப்பு இழுக்கும்போது அவள் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். நல்ல பகல். வாசல் கதவு திறந்திருக்கிறது. எனக்குப் பின்னால் யாரோ நின்று, என் தோளுக்கு மேல் அட்டையைப் பார்ப்பது மாதிரி இருந்தது. திரும்பினேன், யாரும் இல்லை. அது என் பயமாகத்தான் இருக்கும். அவளாக இருந்தால், தன் கையை நான் திருடியதைப் பார்த்தாள் என்று அர்த்தம்.

மாமாவை அந்தப் படித்துறைக்குத் தனியாக அனுப்பாதே. நீ போய்க் கூப்பிடு. அவள் உன் மேஜையில் இல்லை. உன் மேஜையில் இருந்தது நான்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஜோதி


ஸ்ரீரங்கம்
9.2.2025

ஜோதிக்கு,

அன்புள்ள என்று மேலே போட வரவில்லை. கடைசியில் வந்தால் போடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் உனக்காக நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. என் மகளை இரண்டாவது தடவை சாகடித்துவிட்டாய் என்று உன்னைத் திட்டினேன். வாய்விட்டுத் திட்டினேன், மாமா ஓடி வந்தார். கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "விஜயா, புள்ளைக்குக் கை போயிடுச்சும்மா" என்றார். அப்போதும் எனக்கு அட்டை ஞாபகம்தான். அவள் மேஜையில் பேனா இடப்பக்கமாகவே இருந்தது. எடுக்கவில்லை.

பொங்கல் வைக்கவில்லை. அவரோடும் பேசவில்லை. உன் கடிதத்தை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். விஷயத்துக்காக இல்லை. அதிலும் கோடு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதே, அதற்காக. பார்த்துப் பார்த்து ஒரு நாள் அந்த எழுத்தையே படிக்க ஆரம்பித்தேன். சப்பாத்திக் கட்டை விழுந்தது, எடுக்கப் போனேன், கை போகவில்லை. அந்த இடத்தில் 'கை' என்ற எழுத்து நசுங்கியிருக்கிறது. அதை எழுத நீ எவ்வளவு நேரம் உட்கார்ந்தாயோ. நான் இவ்வளவு மாதமாகச் செத்தவளிடம் பசிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உயிரோடு இருப்பவள் கோடு ஏன் நடுங்குகிறது என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

நாள் வந்தது. மாமா விடியற்காலையே குளித்துவிட்டுக் குடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வா என்று கூப்பிடவும் இல்லை. நானாகப் போனேன். அம்மா மண்டபத்தில் கூட்டம் அதிகம் இல்லை. முழங்கால் வரை இறங்கினேன். யாழினி வாம்மா என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அது வரவில்லை. மாமா பின்னால் நின்று அழுகிறார். அப்புறம் என்ன வந்தது தெரியுமா? "எவ்வளவு நேரம்டி தண்ணியிலயே நிப்ப, சளி பிடிக்கும், ஏறி வா" என்று கத்தினேன். படியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குடத்தில் தண்ணீரை மொண்டுகொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்தேன். திரும்பக் கூடாதாம். வீடு வரைக்கும் எனக்குப் பின்னால் ஈரக் கால் சத்தம் கேட்டது. மாமாவின் கால்தான். தெரியும். ஆனாலும் திரும்பவில்லை.

மாமா எடுத்த புடவை கத்தரிப்பூ நிறம். அவள் உடுத்தமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள்.

சென்னை போய் அங்கிருந்து ரயில் மாறி வருகிறேன். மாமா டிக்கெட் எடுத்துவிட்டார். பாலு தம்பியிடம் சொல், இனி தலை வாருகிற வேலை அவருக்கு இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். புறப்படுவதற்கு முன்னால் பெருமாள் சன்னதியில் நின்று, என் தங்கையின் வலது கை திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டி முடிப்பதற்குள் இன்னொன்று தோன்றிவிட்டது. அந்தக் கை திரும்பினால் இந்தச் சாய்ந்த கோடு நின்றுவிடும். இழுப்பும் நின்றுவிடும். திரும்பாமலே இருந்தால் என்ன என்று நினைத்துவிட்டேன் ஜோதி. கூடப் பிறந்தவளைப் பற்றி, சன்னதியில் நின்றுகொண்டு. உன்னைப் பொய்க்காரி என்று திட்டிய வாயால் இதை மறைக்க முடியவில்லை.

அதனால்தான் நானே வருகிறேன். டாக்டர் சொன்ன பயிற்சியை இனி நான் செய்ய வைப்பேன். உன் விரல்களை நானே ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணெய் தடவுவேன். பேனாவை உன் வலது கையில் நானே வைப்பேன். விழும், எடுத்து மறுபடி வைப்பேன். அது பிடித்துக்கொண்டு, ஒரு கோட்டை வலப்பக்கம் சாய்த்துப் போடுகிற அன்றைக்கு நான் அழுவேன். அக்காவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று தம்பி நினைத்துக்கொள்ளட்டும். நீ ஒன்றும் சொல்லாதே.

அன்புள்ள அக்கா,
விஜயராணி